போலே தஹான்

ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன்னால் சத்தம் போடும். டொக், டொக் என்று, யாரோ விரல் நுனியால் மேசையைத் தட்டுவது போல. நான் அதை உள்ளே ஓடும் காற்றாடியின் சத்தம் என்று நினைத்து மூன்று வாரம் விட்டுவிட்டேன். அது தொண்ணூறுகளின் கடைசி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேல்மாடி, இரண்டு அறை. கீழே போட்டோஸ்டாட் கடை, மேலே நான். வேறு ஆள் கிடையாது.

அதற்கு முன்னால் அதே வீட்டில் பதினோரு வருடம் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். அவள் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா, அண்ணன்கள் எல்லாரும் அரசாங்க உத்தியோகம். நான் கிள்ளானுக்கு அப்பால் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், கிள்ளானில் கப்பல் சரக்கு கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட். அவளுடைய அண்ணன்கள் என்னைப் பார்த்தால் "சுகமா?" என்று கேட்பார்கள், பதிலுக்கு நிற்க மாட்டார்கள். அவளுக்கு முப்பத்தொன்பது வயதானபோது பெர்த்தில் மனைவியை இழந்த ஒரு எஞ்சினியரைப் பார்த்துக் கட்டிவைத்தார்கள். அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

போவதற்கு முந்தின வாரம் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு வந்து முன்னறையில் வைத்தாள்.

"எனக்கு எதுக்கு இது?" என்றேன்.

"கடுதாசி எழுத உமக்குப் பஞ்சி. இதிலை எண்டால் எழுதுவீர்."

சோம்பேறித்தனத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் பஞ்சி. நான் சண்டைக்குப் போனேன். அவள் சிரித்துக்கொண்டே ஒயரைச் சுவரில் செருகினாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பெர்த்திலிருந்து மெயில் வரும். ஆங்கில எழுத்தில் தமிழ். என்ன சமைத்தாள், எந்தக் கடையில் முருங்கைக்காய் கிடைத்தது, பக்கத்து வீட்டு நாய் என்ன செய்தது. பெரிய விஷயம் எதுவும் இருக்காது. கடைசி வரி மட்டும் எப்போதும் ஒன்றுதான்: "நான் போலே தஹான். நீர்?" இந்த நாட்டில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பாதிப் பேர் சொல்லும் மலாய்ப் பதில் அது. பரவாயில்லை, சுமார் என்று அர்த்தம். நான் ஒவ்வொரு மெயிலையும் தனித்தனிப் பைலாகச் சேமித்து, அதில் என்ன கதை இருக்கிறதோ அதையே பெயராக வைப்பேன். மழையைப் பற்றி எழுதியிருந்தால் MAZHAI. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் பழகியவள் நான், எட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைக்க எனக்குக் கை வராது.

மூன்றாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயில் வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. நான் கோபித்துக்கொண்டு எழுதாமல் இருந்தேன். அதற்கடுத்த வாரம் அவள் புருஷன் தன் அலுவலக முகவரியிலிருந்து நான்கு வரி அனுப்பினான். புற்றுநோய். முதுகெலும்பு வரை போய்விட்டதாம். எல்லாம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது.

அலுவலகத்தில் நான்கு நாள் லீவு கேட்டேன். மேனேஜரம்மா லீவு பாரத்தைப் பார்த்தாள்.

"என்ன உறவு?"

"கூட இருந்தவ."

"தங்கச்சியா?"

"இல்ல."

"அப்ப அதுக்கு லீவு இல்லையே. அனுவல் லீவுல போட்டுக்கோ லா."

போட்டுக்கொண்டேன். யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை. எதற்கு வருவார்கள்? செத்தவள் எனக்கு யாரும் இல்லை.

இந்த நிலையில்தான் டொக் டொக் தொடங்கியது. கிள்ளான் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்க வருகிற ஒருவன் இருந்தான். முப்பது வயது, கல்யாணமானவன், வாய் ஓயாது. அவனிடம் சத்தத்தை வாயால் செய்து காட்டினேன்.

"அக்கா, அது சாவப் போவுது. உள்ள இருக்கிற சாமான எல்லாம் உடனே வேற எடத்துல போடுங்க."

"பிளாப்பியில வெச்சிருக்கேன்."

"எங்க வெச்சிருக்கீங்க?"

"அலமாரியில. துணிக்கு அடியில."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். வீட்டுக்குப் போய் எடுத்துப் பார்த்தேன். பிளாப்பியின் தகர மூடியைத் தள்ளினால் உள்ளே கறுப்புத் தகடு முழுக்க வெள்ளைப் பூஞ்சை. இந்த ஊர் ஈரத்தில் பட்டுப் புடவையே பூஞ்சை பிடிக்கிறது, பிளாப்பி எந்த மூலைக்கு? மெயில் கம்பெனியிடம் ஒரு பிரதி இருக்கும் என்று நினைத்தேன். நம் கம்ப்யூட்டருக்கு இறங்கியதும் அவர்கள் பக்கம் அழித்துவிடுவார்களாம். வீட்டில் பிரிண்டர் இல்லை. அலுவலகத்து பிரிண்டர் ஊசி குத்தி அடிக்கிற வகை, கத்திக்கொண்டே அடிக்கும், பத்துப் பேர் எட்டிப் பார்ப்பார்கள். என் கடிதத்தை எவனும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஆக, அவள் எழுதியதெல்லாம் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது, அந்த இடம் தட்டிக்கொண்டிருந்தது.

புது ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டும். எதை வாங்குவது?

"எந்தக் கம்பெனி சாவாது?" என்று அவனையே கேட்டேன்.

"எல்லாம் சாவும்க்கா. என்னைக்குன்னுதான் தெரியாது."

"வாயக் கழுவு. நல்லதா ஒண்ணு சொல்லு."

அவன் சொன்னதை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். ஓடும்போது தொட்டால் கை சுடக் கூடாது. வாரன்டி ஸ்டிக்கர் கிழிந்தோ ஒட்டுப் போட்டோ இருந்தால் அது வேறொருவன் திருப்பிக் கொடுத்த சரக்கு. வாரன்டி எத்தனை வருடம் என்று பெட்டியைப் பார்க்காதே, கடைக்காரன் ரசீதில் எழுதித் தருவதைப் பார். கடைசியாக, "காப்பி பண்ணுங்கக்கா, மூவ் பண்ணாதீங்க" என்றான். அதை நான் எழுதிக்கொள்ளவில்லை.

மூன்று சனிக்கிழமை அலைந்தேன். அரை நாள் வேலை முடித்து கிள்ளானிலிருந்து கோமுட்டர் ரயிலில் வந்து, நகரத்தில் இம்பி பக்கம் கம்ப்யூட்டர் கடைகள் மட்டும் இருக்கிற ஒரு கட்டடத்துக்குப் போவேன். எல்லாக் கடையிலும் ஆண்கள். ஒரு கடையில் என்னைப் பார்த்து "பையனுக்கா ஆன்ட்டி?" என்றான். இன்னொரு கடையில் "ஹஸ்பெண்ட கூட்டிட்டு வாங்க, அவருக்குத்தான் புரியும்" என்றான் ஒரு தமிழன். "உன் பொண்டாட்டிய கூப்பிடு, அவளுக்குப் புரியுதா பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நான்காவது மாடியில் ஒரு சீனர் கடை. கடைக்காரன் மட்டும் என் தாளை வாங்கிப் படிப்பது போல் பார்த்தான். ஒரு டிஸ்கை எடுத்துக் கையில் கொடுத்தான். கனம் இருந்தது. ஸ்டிக்கர் சரி. ஒரு வருட வாரன்டியை ரசீதில் எழுதினான். நாங்கள் பேசியது பாசார் மலாய், சந்தைக் கொச்சை. போலே என்றால் முடியும், தஹான் என்றால் தாங்குவது, தாக்குப் பிடிப்பது. நான் டிஸ்கைத் தூக்கிப் பிடித்துக் கேட்டேன்: "இனி தஹான் கா?" இது தாங்குமா?

"போலே தஹான் லா, ஆன்ட்டி."

தாங்கும் என்று சொல்லிவிட்டான். வாங்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் பழுது பார்க்கிறவன் தன் மனைவியோடு வீட்டுக்கு வந்து புது டிஸ்கை மாட்டினான். பழையதையும் பக்கத்தில் இணைத்து, எல்லாவற்றையும் எடுத்துப் போடும்படி சொல்லிவிட்டு, இருவரும் கீழே தேநீர் குடிக்கப் போனார்கள். நான் காப்பி பண்ணவில்லை. மூவ் பண்ணினேன். சாகப் போகிற ஒன்றில் அவளை மிச்சம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய வீட்டைக் காலி செய்வது போல ஒன்றுவிடாமல் எடுத்தேன். அவன் திரும்பி வந்து பழைய டிஸ்கைக் கழற்றிக் கொடுத்தான். அதைத் துணியில் சுற்றி பிஸ்கட் டின்னுக்குள் போட்டேன்.

நான்கு மாதம். ஒரு காலையில் பொத்தானை அழுத்தினேன், திரையில் டிஸ்கே இல்லை என்று வந்தது. தட்டவில்லை, முனகவில்லை. கையை வைத்துப் பார்த்தேன், சுற்றவே இல்லை.

அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு நேரே நான்காவது மாடிக்குப் போனேன். கடைக்காரன் ஷட்டரை அப்போதுதான் தூக்கிக்கொண்டிருந்தான்.

"தஹான்னு சொன்ன இல்ல! நாலு மாசம்கூடத் தாங்கல!"

அவன் ரசீதை வாங்கிப் பார்த்தான். எனக்கு வந்த கோபத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"ஆன்ட்டி, நான் தஹான்னு சொல்லல. போலே தஹான்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே!"

"ஒண்ணு இல்ல லா. ஒரு கடையில மீ கோரேங் சாப்பிடுறீங்க, நல்லா இருக்கான்னு கேட்டா போலே தஹான்றீங்க. அப்படின்னா என்ன? ஓகே ஓகே. சுமார். அந்த வெலைக்கு அது சுமாரான சாமான். ரொம்ப நல்லது வேணும்னு நீங்க கேக்கல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். தாங்க முடியும், பரவாயில்லை, இரண்டு அர்த்தமும் எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

அவன் கெட்டவன் இல்லை. உடனே புது டிஸ்க் ஒன்றைப் பெட்டியோடு எடுத்து மேசையில் வைத்தான். "வாரன்டி இருக்கு. ஒண்ணுக்கு ஒண்ணு. அதைக் குடுங்க, இதை எடுத்துக்குங்க."

"எதைக் குடுக்கணும்?"

"செத்ததை. கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும்."

"உள்ள இருக்கிறது?"

"உள்ள இருக்கிறது போச்சு லா, ஆன்ட்டி."

நான் செத்த டிஸ்கை எடுத்துப் பைக்குள் போட்டேன். அவன் பின்னாலேயே கூப்பிட்டான், ஆன்ட்டி, ஆன்ட்டி, புதுசு சும்மா கிடைக்குது, எடுத்துட்டுப் போங்க என்று. படியில் இறங்கி வந்துவிட்டேன். ஒண்ணுக்கு ஒண்ணாம்.

மறுநாள் கிள்ளானில் பழுது பார்க்கிறவனிடம் சொன்னேன். மூவ் பண்ணியதையும் சொன்னேன்.

"அக்கா! ஒரே ஒரு விஷயம் சொன்னேன்!"

"தெரியும். திட்டுறதா இருந்தா திட்டிட்டு வழியச் சொல்லு."

அவன் திட்டவில்லை. மூக்கைத் தேய்த்தான். "பழசு எங்க?"

"பிஸ்கட் டின்ல."

"அதுக்கப்புறம் அதுல எதையும் எழுதலியே? கழட்டினது கழட்டினபடி இருக்கா?" முகம் கொஞ்சம் தெளிந்தது. அழித்தாலும் பைல் உடனே போகாதாம். பெயரின் முதல் எழுத்தை மட்டும் கம்ப்யூட்டர் அடித்துவிட்டு, இந்த இடம் காலி என்று குறித்துக்கொள்ளுமாம். மேலே வேறு எதையும் எழுதாதவரை உள்ளே கிடக்கும். மீட்பதற்கு ஒரு பழைய புரோகிராம் இருக்கிறது. "ஆனா அது சாவப் போற டிஸ்க். எவ்வளவு நேரம் ஓடும்னு தெரியாது. சனிக்கிழமை எல்லாரும் போனதும் இங்கயே பாத்துடலாம்."

சனிக்கிழமை ஒரு மணிக்கு அலுவலகம் காலியானது. அவன் என் பழைய டிஸ்கை ஒரு கம்ப்யூட்டரில் மாட்டினான். டொக், டொக். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சந்தோஷப்பட்ட நாள் அது ஒன்றுதான்.

கறுப்புத் திரையில் பெயர்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் முதல் எழுத்து இல்லை, அங்கே ஒரு கேள்விக்குறி. ஒவ்வொன்றுக்கும் கேட்டது: மீட்கவா? ஆம் என்றால், முதல் எழுத்து என்ன?

"எந்த எழுத்தப் போட்டாலும் எடுத்துக்கும்க்கா. சும்மா எல்லாத்துக்கும் ஏ போடுங்க, சீக்கிரம்."

"தள்ளு" என்றேன். நாற்காலியில் உட்கார்ந்தேன்.

?AZHAI. M போட்டேன். ?AAI. N, நாய். ?EEN. M, மீன். சில பெயர்களுக்கு, இதை மீட்க முடியாது, இடம் போய்விட்டது என்று திரையே சொல்லியது. அப்படி ஒன்பது. டிஸ்க் இடையிடையே தட்டிவிட்டு மூச்சை நிறுத்தும், மறுபடி சுற்றும். பட்டியலின் கடைசிப் பக்கத்தில் ?ALI என்று ஒன்று. எனக்கு உளுந்துக் களி ஞாபகம் வந்தது. அவர்கள் வீட்டுப் பலகாரம், செய்முறையை ஒருமுறை எழுதியிருந்தாள். K போட்டேன். எல்லாவற்றுக்கும் கடைசியில் ?VAN. அது அவள் புருஷனின் நான்கு வரி. AVAN என்று பெயர் வைத்திருந்தேன். இல்லை என்று அழுத்தினேன்.

"ஒண்ணு விட்டுட்டீங்க."

"அது வேணாம்."

மீட்டதையெல்லாம் புது பிளாப்பிகளில் போட்டான். சரியாகத் திறக்கிறதா என்று ஒன்றிரண்டைத் திறந்து பார்க்கச் சொன்னான். நான் களியைத் திறந்தேன்.

களி இல்லை. பத்து வரிகூட இல்லாத கடிதம். இரண்டு வாரமாக முதுகில் ஒரே வலி, படுத்தாலும் விடவில்லை, டாக்டர் ஏதோ படம் எடுக்க வேண்டும் என்கிறார், மஸ்ஜித் இந்தியா தெருவில் நாங்கள் வாங்குகிற அந்த மிளகாய்த்தூள் அனுப்ப முடியுமா. கடைசி வரி: நான் போலே தஹான். நீர்?

VALI. வலி என்று நானேதான் பெயர் வைத்திருக்கிறேன். அதைப் படித்து, வலி என்று எழுதிச் சேமித்துவிட்டு, போலே தஹான் என்றால் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டு போய்ப் படுத்திருக்கிறேன். டிஸ்க்காரன் சுமார் என்றதை நான் தாங்கும் என்று கேட்டேன். அவள் தாங்கிக்கொள்கிறேன் என்றதை நான் சுமார் என்று படித்தேன்.

மிளகாய்த்தூள் அனுப்பினேன். அது ஞாபகம் இருக்கிறது. கூட என்ன எழுதினேன் என்பது ஞாபகம் இல்லை. வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேனா? நான் அனுப்பிய எதையும் சேமித்து வைத்ததில்லை. அதெல்லாம் பெர்த்தில், அவன் வீட்டில் இருந்த கம்ப்யூட்டரில்தான் இருக்க முடியும்.

"தம்பி, அந்த ஒண்ணையும் எடுக்கணும்."

"வேணாம்னீங்க?"

"இப்ப வேணும். அதுலதான் அட்ரஸ் இருக்கு."

மறுபடி ஓட்டினான். டொக், டொக், டொக். ?VAN வந்தது. A போட்டேன். எடுத்துக்கொண்டது. அதை பிளாப்பியில் போட்டு முடித்துக் கொஞ்ச நேரத்தில் டிஸ்க் நின்றுவிட்டது. அவன் இரண்டு முறை அணைத்துப் போட்டான். வரவில்லை.

"நெறைய எழுதிருக்காங்க" என்றான், ஒயரைச் சுருட்டிக்கொண்டே. "ஆமா" என்றேன். பிறகு ஊசி பிரிண்டரைத் தட்டிவிட்டு எல்லாக் கடிதத்தையும் அச்சடித்தேன். அது கத்திய கத்தலில் வெளியே கார்ப்பார்க்கில் இருந்த காவலாளி வந்து எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொள்ளட்டும்.

நம்பகமான டிஸ்க் எது என்று இப்போதும் யாராவது கேட்டால், அப்படி ஒன்று கிடையாது, இரண்டு வாங்கு, இரண்டு கம்பெனி, இரண்டு இடம், மிச்சத்தைத் தாளில் வை என்பேன். கேட்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டும்.

அடுத்த வாரம் அலுவலகத்துக் கம்ப்யூட்டரிலிருந்து அவள் புருஷனுக்கு எழுதினேன். என் கடிதங்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு அதை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டதாகவும், கேட்காமல் செய்ததற்கு மன்னிக்கும்படியும் எழுதியிருந்தான். என்ன பதில் எழுதினேன் என்பது எனக்குத் தெரியப் போவதில்லை, அது முடிந்தது. கீழே இன்னொரு வரி இருந்தது. அவன் இலங்கையிலிருந்து நேரே பெர்த்துக்குப் போனவன், மலாய் தெரியாது. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் அவள் இரண்டு சொல் சொல்வாளாம், போலே ஏதோ என்று. அர்த்தம் கேட்டால் சிரிப்பாளாம். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தான்.

பதில் எழுத உட்கார்ந்தேன். அந்த மனிதன் மீது எனக்கு இரக்கம் கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன்.

பரவாயில்லை என்று அர்த்தம், என்று எழுதி அனுப்பினேன்.